விசைப்படகுக்கு நாமே செய்யும் எம்பி3 பிளேயர்: இன்ஜின் போட்டால் ஊளை, என்ன செய்யலாம்?

காசிமேட்டான்

மீன்பிடித் தடைக்காலம் ஓடிக்கொண்டிருக்கிறது. ஏப்ரல் 15இல் கட்டிய படகு ஜூன் 14 வரை துறைமுகத்தில்தான் நிற்கும், அதற்குள் நைனாவின் படகுக்கு ஒரு பாட்டுப் பெட்டி செய்து கொடுத்துவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். கடலில் கொஞ்ச தூரம் போனாலே போனில் டவர் இருக்காது. ஏற்றி வைத்த பாட்டைக் கேட்கலாம்தான், ஆனால் மீன் அள்ளிய கையோடு டச் ஸ்க்ரீனைத் தொட்டால் அது மதிக்காது. அதனால் நாலு பட்டன், ஒரு வால்யூம், உறுதியான பெட்டி, அவ்வளவு போதும். ஒன்று மட்டும் கட்டாயம்: நிறுத்திய இடத்திலிருந்தே மறுபடி பாட வேண்டும். நைனா கேட்பது சினிமாப் பாட்டு மட்டும் இல்லை, விடிய விடிய நடந்த தெருக்கூத்தை யாரோ பதிவு செய்து கொடுத்த பெரிய பெரிய ஃபைல்களும் இருக்கின்றன, அதைத் தினமும் முதலிலிருந்து யார் கேட்பது.

இதுவரை செய்தது: இஎஸ்பி32 டெவ் போர்டு (புரோகிராம் ஓடும் மைக்ரோகண்ட்ரோலர்), பிசிஎம்5102 டிஏசி மாட்யூல் (டிஜிட்டல் எண்களை ஆடியோ சிக்னலாக மாற்றுவது), மைக்ரோ எஸ்டி சாக்கெட். படகின் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து வோல்டேஜைக் குறைக்கும் எல்எம்2596 போர்டு வழியாக 5 வோல்ட். ஆம்ப்ளிஃபையருக்கு டிடிஏ7297 போர்டு, அதே பேட்டரியில் நேராக. வீட்டில் மேசை மேல் அடாப்டரில் அருமையாகப் பாடியது. படகில் மாட்டி இன்ஜினைப் போட்டதும் ஒரு ஊளை, ரேஸ் கொடுக்கக் கொடுக்க ஊளையும் ஏறுகிறது. பாட்டை நிறுத்தி வைத்தாலும் வருகிறது. இன்ஜினை அணைத்தால் ஊளை போய்விடும், ஆனால் லேசாக ஒரு கிர்ர் மிச்சம் இருக்கிறது. 12 வோல்ட் லைனில் 1000 எம்எஃப்டி (மைக்ரோஃபாரட்) கண்டன்சர் போட்டுப் பார்த்தேன், பெரிய வித்தியாசம் இல்லை.

கொருக்குப்பேட்டை_கே

நண்பா, ரிச்சி தெருவில் ப்ளூடூத் யூஎஸ்பி கிட் என்று கேட்டால் டிஸ்ப்ளே, ரிமோட்டோடு 12 வோல்ட் பேனல் தருவார்கள். ஸ்பீக்கர் பெட்டியில் சதுரமாக வெட்டிச் சொருகினால் வேலை முடிந்தது. ஷேர் ஆட்டோவில் எல்லாம் அதுதான் ஓடுகிறது. இதற்கு ஏன் புரோகிராம் கோடு எழுதிக்கொண்டு?

காசிமேட்டான்

அண்ணே, பக்கத்துப் படகில் அதுதான் இருக்கிறது, நல்லாவே பாடும். ஆனால் அதில் கரண்ட் போய் வந்தால் பாட்டின் ஆரம்பத்துக்குப் போய்விடுகிறது, கூத்து ஃபைலுக்கு அது உதவாது. அப்புறம், உப்புக்காற்றில் அது போனால் எதை மாற்றுவது? ஐசி மேல் கறுப்புப் பிசின் ஊற்றியிருக்கும், இல்லையென்றால் நம்பரைச் சுரண்டியிருப்பார்கள். முழு பேனலையும் தூக்கிப் போட வேண்டியதுதான். நான் செய்வதில் டிஏசி போனால் டிஏசி, சாக்கெட் போனால் சாக்கெட், எது போனதோ அதை மட்டும் கழற்றி மாற்றலாம். அதற்காகத்தான் இந்தப் பாடு.

பெரம்பூர்_பழைய_ரேடியோ

தம்பி, நீங்கள் சொன்ன அறிகுறியிலேயே பாதி விடை இருக்கிறது. இங்கே இருப்பது இரண்டு தனித்தனிச் சத்தம், ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

இன்ஜின் வேகத்தோடு ஏறி இறங்குவது ஆல்டர்னேட்டர். அது மூன்று ஃபேஸ் ஏசிதான் கொடுக்கிறது, உள்ளே டையோடு வைத்து டிசி ஆக்குகிறார்கள், அந்த டிசியின் தலையில் ஒரு சின்ன அலை எப்போதும் ஒட்டிக்கொண்டிருக்கும், வேகம் கூடினால் அதன் ஃப்ரீக்வன்ஸி கூடும். அது உங்கள் பாட்டுக்குள் நுழைகிற வழி பெரும்பாலும் ப்ளஸ் லைன் இல்லை, மைனஸ். அதனால்தான் 1000 எம்எஃப்டி கண்டன்சர் உங்களுக்கு உதவவில்லை. பிளேயரின் மைனஸ் எல்எம்2596 வழியாகப் பேட்டரிக்குப் போகிறது, ஆம்ப்ளிஃபையரின் மைனஸ் தனி வயரில் அதே பேட்டரிக்குப் போகிறது, நடுவில் ஆடியோ வயரின் ஷீல்டு இரண்டையும் சேர்த்துவிட்டது. ஒரு வட்டம் உண்டாகிவிட்டது, கிரவுண்ட் லூப் என்பது இதுதான்.

மைனஸ் என்றால் எங்கே தொட்டாலும் பூஜ்யம் என்று நினைக்கிறோம், அது சரியில்லை. ஒரு சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி மீட்டருக்குச் சுமார் 17 மில்லிஓம். அதில் 2 ஆம்ப் ஓடினால் ஒரு மீட்டருக்கு 34 மில்லிவோல்ட் விழும். உங்கள் பிசிஎம்5102 உச்சமாகக் கொடுப்பதே 2.1 வோல்ட், மெதுவான பாட்டில் அதில் நூறில் ஒரு பங்கு கூட இருக்காது, அங்கே அந்த மில்லிவோல்ட்டும் சேர்ந்து பெரிதாகி ஸ்பீக்கருக்குப் போகிறது. தெருவில் ஒரு வீட்டில் மோட்டார் போட்டு உறிஞ்சினால் அடுத்த வீட்டுக் குழாயில் தண்ணீர் ஆடுமே, அதே கதைதான்.

முதலில் சோதனை செய்யுங்கள், பிறகு எதையும் வாங்குங்கள். இன்ஜின் ஓடும்போது ஆம்ப்ளிஃபையரின் இன்புட்டில் பிளேயர் வயரைக் கழற்றிவிட்டு, இன்புட்டையும் அதன் மைனஸையும் ஷார்ட் செய்யுங்கள். ஊளை நின்றால் ஆம்ப்ளிஃபையர் மேல் பழி இல்லை. அப்புறம் பிளேயரை மறுபடி இணைத்து, கரண்ட்டை மட்டும் ஒரு பவர் பேங்கிலிருந்து கொடுங்கள், படகின் லைனோடு எந்தத் தொடர்பும் வேண்டாம். அப்போதும் நின்றால் கிரவுண்ட் லூப் என்று உறுதி.

காசிமேட்டான்

ஐயா, இன்று மதியம் இரண்டையும் செய்து பார்த்தேன். இன்புட்டை ஷார்ட் செய்தால் சத்தமே இல்லை. பவர் பேங்கில் ஓட்டினால் இன்ஜின் ஊளை முழுக்கப் போய்விட்டது, ரேஸ் கொடுத்தாலும் வரவில்லை. அந்தக் கிர்ர் மட்டும் இருக்கிறது.

திருவொற்றியூர்_தேரடி

ஊளைக்கு வழி தெரிந்துவிட்டது, சந்தோஷம். நான் வேறு ஒன்று கேட்கிறேன், இஎஸ்பி32 இங்கே எதற்கு? டிஎஃப் பிளேயர் மினி போதுமே. 16 பின் உள்ள ஒரு சின்ன எம்பி3 போர்டு, அதற்குள்ளேயே டீகோடர், கார்டு சாக்கெட், 3 வாட் மோனோ ஆம்ப்ளிஃபையர் எல்லாம் இருக்கிறது. மைக்ரோகண்ட்ரோலரே வேண்டாம், ஐஓ1, ஐஓ2 இரண்டு பின்னிலும் ஒரு பட்டனைப் போட்டு மைனஸுக்கு இழுத்தால் சின்ன அழுத்தத்துக்கு முந்தைய பாட்டு, அடுத்த பாட்டு, அழுத்திப் பிடித்தால் சத்தம் குறையும், கூடும். 32 ஜிபி வரை கார்டு எடுக்கும். எங்கள் தெருப் பிள்ளைகள் கேரம் கிளப்பில் ஒன்று செய்து மாட்டியிருக்கிறார்கள், கானா பாட்டு நாள் பூரா ஓடுகிறது.

செய்பவர்கள் கவனிக்க: அதன் ஸ்பீக்கர் பின் இரண்டும் பிரிட்ஜ் அவுட்புட் (இரண்டிலுமே சிக்னல் வரும்), ஒன்றைக்கூட மைனஸோடு சேர்க்கக் கூடாது. வெளி ஆம்ப்ளிஃபையருக்குப் போவதென்றால் டிஏசி எல், டிஏசி ஆர் என்று இருக்கும் பின்களிலிருந்து எடுங்கள். ஆர்டினோவோடு (மைக்ரோகண்ட்ரோலர் போர்டு) இணைத்தால் ஆர்எக்ஸ் (கட்டளை வாங்கும்) வயரில் 1 கே ரெசிஸ்டரைத் தொடராகப் போடுங்கள், இல்லாவிட்டால் இரைச்சல் வரும்.

வண்ணை_கோடு

தேரடி அண்ணே, கேரம் கிளப்புக்கு அது சரி. இவர் கேட்பது நிறுத்திய இடத்திலிருந்து பாடுவது. கரண்ட் போனால் டிஎஃப் பிளேயருக்கு எந்தப் பாட்டு, எத்தனையாவது நிமிடம் எதுவும் நினைவில் இருக்காது. வெளியே ஒரு ஆர்டினோ வைத்துப் பாட்டின் எண்ணைச் சேமிக்கலாம், ஆனால் பாட்டின் நடுவில் குறிப்பிட்ட நொடிக்குப் போகச் சொல்ல அதில் கட்டளை கிடையாது. மூன்று மணி நேரக் கூத்தைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டினால் உண்டு.

இஎஸ்பி32இல் ஃபைலை நாமே படிப்பதால் எந்த பைட்டில் நிற்கிறோம் என்பது நம் கையில் இருக்கிறது. எம்பி3யில் இது சுலபம். பாட்டு முழுக்கச் சின்னச் சின்ன ஃப்ரேமாகத்தான் இருக்கிறது, 44.1 கிலோஹெர்ட்ஸில் ஒரு ஃப்ரேம் 1152 சாம்பிள், அதாவது 26 மில்லி செகண்ட். ஒவ்வொரு ஃப்ரேமின் தலையிலும் தொடர்ந்து 11 பிட் ஒன்றாக இருக்கும். நீங்கள் ஃபைலின் நடுவில் எங்கே குதித்தாலும் டீகோடர் அந்த அடையாளத்தைத் தேடிப் பிடித்துக்கொள்ளும். முந்தைய ஃப்ரேமில் மிச்சம் வைத்த பிட்டுகளை அடுத்தது பயன்படுத்தும் வழக்கம் எம்பி3யில் உண்டு, அதனால் குதித்த இடத்தில் ஓரிரு ஃப்ரேம் பாடாமல் போகலாம், காதுக்குத் தெரியாது. 128 கேபிபிஎஸ் ஃபைல் என்றால் ஒரு நொடிக்கு 16,000 பைட், பத்து நொடி பின்னால் போய் ஆரம்பிக்க 1,60,000 பைட்டைக் கழியுங்கள். கூத்து கேட்பவருக்கு அந்தப் பத்து நொடி ரொம்ப உதவும், எந்தக் கட்டத்தில் விட்டோம் என்று பிடி கிடைக்கும்.

சேமிக்கும் இடம் பற்றி ஒரு எச்சரிக்கை. இஎஸ்பி32 போர்டின் ஃப்ளாஷுக்கு ஒரே இடத்தில் லட்சம் தடவை எழுதுவதுதான் பொதுவான ஆயுள் கணக்கு. ஃப்ளாஷில் சேமிக்க உதவும் என்விஎஸ் லைப்ரரி இடத்தை மாற்றி மாற்றி எழுதுவதால் இன்னும் நீளும், அதற்காக நொடிக்கு ஒரு தடவை எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். பாட்டை நிறுத்தும் பாஸ் பட்டனை அழுத்தும்போது ஒரு தடவை, ஓடும்போது நிமிடத்துக்கு ஒரு தடவை, போதும்.

பின் விஷயத்தில்: எஸ்டி கார்டுக்கு 5, 18, 19, 23 வைத்துக்கொள்ளுங்கள், டிஏசிக்கு ஆடியோ அனுப்பும் ஐ2எஸ்ஸுக்கு 25, 26, 22. 12ஆம் பின்னில் எதையும் போடாதீர்கள், போர்டு எழும்போது அது ஹையாக இருந்தால் ஃப்ளாஷுக்கு 1.8 வோல்ட் என்று எடுத்துக்கொண்டு ஸ்டார்ட்டே ஆகாது. 34 முதல் 39 வரை இன்புட் மட்டும்தான், உள்ளே புல் அப் (பின்னை ப்ளஸ் பக்கம் இழுத்து வைக்கும் ரெசிஸ்டர்) கிடையாது. பட்டனை அங்கே போட்டால் வெளியே 10 கே கட்டாயம்.

வியாசர்பாடி_டாட்போர்டு

அண்ணன்களே, நான் டிப்ளமோ இரண்டாம் வருடம், இதே மாதிரி ஹெட்ஃபோன் பிளேயர் ஒன்று டாட் போர்டில் பற்ற வைத்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு சந்தேகம். இஎஸ்பி32க்குள்ளேயே டிஏசி இருக்கிறதாமே, வெளியே ஏன் வாங்க வேண்டும்? 18650 லித்தியம் செல்லை நேராக டெவ் போர்டின் 5 வோல்ட் பின்னில் கொடுத்தால் போதுமா? எனக்கு அப்படிக் கொடுத்தால் கொஞ்ச நேரம் பாடிவிட்டு ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டே இருக்கிறது.

பெரம்பூர்_பழைய_ரேடியோ

உள்ளே இருப்பது 8 பிட் டிஏசி, தம்பி. ஒரு பிட்டுக்கு 6 டெசிபெல் என்று கணக்குப் போட்டால் 48. சிடி தரத்துக்கு 16 பிட், 96. மணியோசை கேட்க உள்ளே இருப்பது போதும், பாட்டு மெல்ல அடங்குகிற இடத்தில் மணல் கொட்டுகிற சத்தம் கேட்கும். பிசிஎம்5102 வாங்கிவிடுங்கள். வாங்கியதும் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள், நாலு சின்ன ஈய ஜம்பர் இடம் இருக்கும், எல், எச் என்று போட்டிருக்கும். அந்த ஊதா நிற போர்டில் 1, 2, 4 மூன்றும் எல் பக்கம், 3 மட்டும் எச் பக்கம். மூன்றாவது மியூட் பின், அதைப் பற்ற வைக்காமல் விட்டால் எல்லாம் சரியாக இருந்தும் சத்தமே வராது, கோடு தப்பு என்று இரவெல்லாம் தேடுவீர்கள். எஸ்சிகே பின்னை மைனஸோடு சேர்த்துவிடுங்கள், க்ளாக்கை அது தானே உண்டாக்கிக்கொள்ளும்.

ரீஸ்டார்ட் ஆவது ரெகுலேட்டரால். டெவ் போர்டில் பெரும்பாலும் ஏஎம்எஸ்1117 இருக்கும், அதற்கு உள்ளே வருவது வெளியே போவதைவிட ஒரு வோல்ட்டுக்கு மேல் அதிகமாக இருக்க வேண்டும். செல் 3.7 வோல்ட், வெளியே 3.3 எப்படி வரும்? இறங்கி 2.6 ஆகிவிடும், எஸ்டி கார்டுக்குக் குறைந்தது 2.7 வேண்டும். ஹெச்டி7333 போன்ற குறைந்த இழப்பு ரெகுலேட்டரைப் போட்டு அதன் அவுட்புட்டை 3.3 வோல்ட் பின்னில் நேராகக் கொடுங்கள். அது 250 மில்லிஆம்ப் வரைதான் தாங்கும், வைஃபை, ப்ளூடூத் இரண்டையும் கோடிலேயே அணைத்துவிட்டால் தாராளமாகப் போதும்.

காசிமேட்டுத் தம்பி, உங்கள் கிர்ருக்கும் இங்கேதான் பதில். இஎஸ்பி32, எஸ்டி கார்டு, டிஏசி மூன்றும் ஒரே ரெகுலேட்டரில் இருந்தால் கார்டைப் படிக்கிற ஒவ்வொரு தடவையும் லைன் நடுங்கும், அந்த நடுக்கம் டிஏசியில் கேட்கும். டிஏசிக்குத் தனி ஹெச்டி7333. கார்டு சாக்கெட்டின் காலிலேயே ஒரு 104 டிஸ்க் (0.1 எம்எஃப்டி கண்டன்சர்), ஒரு 100 எம்எஃப்டி. மைனஸ் எல்லாம் ஒரே புள்ளியில் வந்து சேரட்டும், ஒன்றிலிருந்து ஒன்றுக்கு இழுத்துக்கொண்டு போகாதீர்கள். வைஃபையை அணைத்தீர்களா என்றும் பாருங்கள், டிக் டிக் என்று வந்தால் அது வைஃபை.

எண்ணூர்_உப்பு

மின்சாரப் பேச்சு நல்லபடியாகப் போகிறது, ஆனால் படகில் பொருள் சாவது உப்பால். எங்கள் பக்கம் கழிமுகத்தை ஒட்டிய வீடுகளில் கூட டிவி ரிமோட்டின் ஸ்ப்ரிங் ஒரு வருடத்தில் பச்சைக் களிம்பு பிடித்துவிடும். இதைப் படகில் வைக்கப் போகிறீர்கள்.

போர்டைப் பற்ற வைத்து முடித்ததும் ஐபிஏவில் (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) பழைய பிரஷ் வைத்து ஃப்ளக்ஸைத் தேய்த்துக் கழுவுங்கள், மேலே கோட்டிங் அடிப்பதற்கு முன்பு இது கட்டாயம், ஃப்ளக்ஸ் உள்ளே மாட்டிக்கொண்டால் கோட்டிங்குக்கு அடியிலேயே அரிக்கும். பிறகு ஈரம் படாமல் காக்கும் கன்ஃபார்மல் கோட்டிங் ஸ்ப்ரே இரண்டு கை. கார்டு சாக்கெட்டையும் இயர்போன் சாக்கெட்டையும் டேப் ஒட்டி மறைத்துக்கொண்டு அடியுங்கள், காண்டாக்ட்டில் பட்டால் கெட்டது.

பெட்டிக்கு பிராட்வே பக்கம் எலக்ட்ரிக்கல் கடையில் ரப்பர் கேஸ்கெட் வைத்த ஜங்ஷன் பாக்ஸ் கிடைக்கும், வயர் நுழைய கேபிள் க்ளாண்டு கேட்டு வாங்குங்கள். ஓட்டைகளை அடைக்க சிலிக்கான் வாங்கும்போது ட்யூபில் நியூட்ரல் க்யூர் என்று இருக்கிறதா பாருங்கள். வினிகர் வாடை அடிக்கிற சாதா சிலிக்கான் காயும்போது அமிலம் விடும், மூடிய பெட்டிக்குள் அது செம்பை அரித்துவிடும், உப்புக்காற்று வரும் வரை காத்திருக்க வேண்டியதே இல்லை.

பட்டனுக்கு ஓட்டையே போடாதீர்கள். பெட்டியின் உள்பக்கச் சுவரில் ரீட் ஸ்விட்ச் ஒட்டுங்கள், வெளியே ஒரு ப்ளாஸ்டிக் கட்டையில் சின்னக் காந்தம். கட்டையைத் தள்ளினால் உள்ளே ஸ்விட்ச் சேரும். ஈரக்கை, மீன் வழவழப்பு, கையுறை எதுவும் பிரச்சினை இல்லை, தண்ணீர் போக வழியும் இல்லை.

காசிமேட்டான்

ரீட் ஸ்விட்ச் யோசனைக்கு நன்றி அண்ணே, அதையே செய்கிறேன். நேற்று தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கி ரிச்சி தெருவில் எல்லாம் வாங்கி வந்தாயிற்று.

இப்போதைய அமைப்பு இது. பிளேயருக்குச் சொந்தமாக ஒரு 18650 செல், டிபி4056 சார்ஜர் போர்டு, பாதுகாப்பு ஐசி உள்ள ஆறு முனை வகை. படகு லைனிலிருந்து எல்எம்2596 இப்போது சார்ஜ் ஏற்ற மட்டும். நடுவில் ஒரு டிபிடிடி (இரண்டு வயரையும் ஒன்றாக மாற்றும்) டாகிள் ஸ்விட்ச், ஒரு பக்கம் சார்ஜ், மறு பக்கம் பாட்டு. ப்ளஸ், மைனஸ் இரண்டையுமே அது துண்டிக்கிறது, ப்ளஸை மட்டும் துண்டித்தால் மைனஸ் வழியாக அந்த வட்டம் அப்படியே இருக்கும். மீட்டரில் பார்த்தேன், பாடும்போது நூற்றிருபது மில்லிஆம்ப்புக்குள் எடுக்கிறது, 2500 செல்லில் இருபது மணி நேரம் கிட்ட ஓடும். டிஏசிக்குத் தனி ரெகுலேட்டர் போட்டதும் கிர்ரும் போய்விட்டது. இன்ஜின் ஓடும்போது ஸ்பீக்கரில் காதை வைத்துக் கேட்டால் கூட ஒன்றும் இல்லை, பாட்டு மட்டும்தான்.

பெரம்பூர்_பழைய_ரேடியோ

ரொம்ப மகிழ்ச்சி. செல்லை இன்ஜினுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். லித்தியம் செல்லை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது, டிபி4056 ஐசியில் வெப்பம் பார்க்க ஒரு பின் உண்டு, ஆனால் கடையில் கிடைக்கிற போர்டுகளில் அதை மைனஸோடு சேர்த்து முடக்கி வைத்திருப்பார்கள். சார்ஜ் கரண்ட்டைக் குறைத்தாலே சூடு குறையும், போர்டில் இருக்கும் 1.2 கே ரெசிஸ்டரை எடுத்துவிட்டு 2.4 கே வையுங்கள், 1 ஆம்ப் பாதியாகிவிடும்.

எல்எம்2596க்கு முன்னால் 1 ஆம்ப் ஃப்யூஸ், தொடராக ஒரு 1என்5408 டையோடு, அடுத்து மைனஸுக்கு ஒரு பி6கேஇ18ஏ (அதிக வோல்டேஜ் வந்தால் பிடித்து நிறுத்தும் டையோடு). ஓடுகிற ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரி டெர்மினல் கழன்றால் லைனில் பெரிய வோல்டேஜ் பாயும், எல்எம்2596 தாங்குவது 40 வரைதான்.

கொருக்குப்பேட்டை_கே

படித்த பிறகு எனக்கும் ஆசை வந்துவிட்டது. டெக்கில் வேலை செய்பவர்களுக்கு இன்ஜின் சத்தத்தையும் மீறிக் கேட்க வேண்டும் என்றால் என்ன ஸ்பீக்கர்? எங்கள் வீட்டில் பழைய சவுண்ட் சர்வீஸ் குழாய் ஒன்று கிடக்கிறது.

எண்ணூர்_உப்பு

குழாய்தான் சரி, அதே வாட்டில் பெட்டி ஸ்பீக்கரைவிடப் பல மடங்கு கேட்கும், காகிதக் கோன் மாதிரி ஈரத்தில் ஊறவும் ஊறாது. ஆனால் குழாய் யூனிட்டுக்கு பேஸ் ஆகாது, டயஃப்ரம் போய்விடும். ஆம்ப்ளிஃபையருக்கும் யூனிட்டுக்கும் நடுவே தொடராக ஒரு நான் போலார் கண்டன்சர் போடுங்கள். 8 ஓம் யூனிட்டுக்கு 47 எம்எஃப்டி என்றால் 420 ஹெர்ட்ஸுக்குக் கீழே அடங்கத் தொடங்கும், அது போதும்.

ராயபுரம்_வலை

எங்கள் படகில் 24 வோல்ட், இரண்டு பேட்டரி தொடராக. காசிமேட்டுத் தம்பியின் சர்க்யூட்டை அப்படியே போடலாமா?

பெரம்பூர்_பழைய_ரேடியோ

அப்படியே போடாதீர்கள். 24 வோல்ட் படகில் சார்ஜ் ஏறும்போது லைன் 28, 29 வரை போகும், பி6கேஇ18ஏ அங்கே உடனே ஷார்ட் ஆகி ஃப்யூஸை ஊதிவிடும். பி6கேஇ36ஏ போட வேண்டும், ஆனால் அது மின்னழுத்தத்தைப் பிடித்து நிறுத்துவதே 50 வோல்ட்டுக்குப் பக்கத்தில், சாதா எல்எம்2596 அதற்குள் போய்விடும். எல்எம்2596ஹெச்வி என்று கேட்டு வாங்குங்கள், 60 வோல்ட் வரை தாங்கும். அந்த போர்டின் இன்புட் கண்டன்சரையும் பாருங்கள், 50 வோல்ட் என்று எழுதியிருந்தால் கழற்றிவிட்டு 63 வோல்ட் போடுங்கள். டிடிஏ7297க்கு 18 வோல்ட்தான் எல்லை, ஆம்ப்ளிஃபையருக்கு 24இல் ஓடுகிற வேறு போர்டுதான் எடுக்க வேண்டும். ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் 12 எடுத்து ஓட்டாதீர்கள், இரண்டும் ஏற்றத்தாழ்வாகச் சார்ஜ் ஏறி ஒன்று சீக்கிரம் செத்துவிடும்.

வண்ணை_கோடு

கோடைச் சுத்தம் செய்து கொண்டிருக்கிறேன், பட்டன் பின்களை மேலேயே தனியாக எழுதி வைக்கிறேன், அவரவர் மாற்றிக்கொள்ளலாம். அதுவரை கார்டை ஃபேட்32இல் ஃபார்மேட் செய்து, கூத்து ஃபைல்களைத் தனி ஃபோல்டரில் போட்டு வையுங்கள். நிறுத்திய இடத்தை நினைவில் வைப்பது அந்த ஃபோல்டருக்கு மட்டும்தான், சினிமாப் பாட்டு எப்போதும் முதலிலிருந்து பாடும்.